ஹாட் டப் போர்டு போயிடுச்சா? வாசகர் கேள்வி பதில்

குளிர் ஆரம்பிச்சதுல இருந்து ஹாட் டப், அதாவது உக்காந்து குளிக்கிற வெந்நீர்த் தொட்டி பத்தின கேள்விகள் வந்துட்டே இருக்கு, அதுலயும் கனடா, அமெரிக்கா வாசகர்கள் சுத்திச் சுத்திக் கேக்குறது ஹீட்டர், பம்ப் எல்லாத்தையும் இயக்குற, உள்ள இருக்குற கன்ட்ரோல் போர்டைப் பத்திதான். அதனால இந்த இதழ்ல முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன். நீங்களே கை வைக்கப் போறதில்லன்னாலும் படிச்சு வச்சுக்குங்க, டெக்னீஷியன் சொல்றது சரியா தப்பான்னு பேசுறதுக்காவது உதவும்.

கேள்வி: பழைய வீடு வாங்கினோம், பின்னாடி டெக்ல ஹாட் டப்பும் சேர்ந்தே வந்துச்சு. வெளிய இருந்த ஸ்டிக்கர் வெயில்ல வெளுத்துப்போய் கம்பெனி பேரே தெரியல. பார்க்க வந்தவர் போர்டு போயிடுச்சு, நம்பர் எடுத்து ஆர்டர் பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். போர்டைப் பார்த்தா எங்க பார்த்தாலும் நம்பரா இருக்கு, எதை எடுக்குறது சார்? (மார்க்கம், ஒன்டாரியோ)

கம்பெனி பேர் தெரியலன்னு கவலைப்படாதீங்க. தொட்டி செய்யுறவங்க வேற, போர்டு செய்யுறவங்க வேற. வட அமெரிக்கால விக்குற தொட்டிகள்ல நிறைய இடத்துல உள்ள இருக்குறது ஒண்ணு கலிஃபோர்னியா பல்போவாவா இருக்கும், இல்லன்னா கியூபெக் கெக்கோவா இருக்கும். ஹாட் ஸ்பிரிங் தொட்டின்னா வாட்கின்ஸோட ஐக்யூ 2020, ஜக்கூஸி, சன்டான்ஸ் மாதிரி சிலதுல அவங்களுக்குன்னே தனியா செஞ்ச போர்டு. அதனால தொட்டி பேரைத் தேடுறதை விட்டுட்டு, கீழ கேபினட்டைத் திறந்து ஹீட்டர் குழாயோட ஒட்டியிருக்குற அந்தப் பெட்டியைப் பாருங்க, அதைத்தான் ஸ்பா பேக்னு சொல்வாங்க.

திறக்குறதுக்கு முன்னாடி பிரேக்கரை ஆஃப் பண்ணுங்க. தொட்டியோட பட்டனை அணைச்சா போதாது, மேல இருக்குற பட்டன் பேனல்ல லைட் அணைஞ்சிருந்தாலும் உள்ள 240 வோல்ட் நின்னுட்டுதான் இருக்கும். பிரேக்கரை இறக்கிட்டு, மூடியைக் கழட்டினதும் கரண்ட் வர்ற டெர்மினல்ல மீட்டர் வச்சு ரெண்டு ஹாட் வயருக்கு (கரண்ட் கொண்டு வர்ற வயர்) நடுவுலயும், ஒவ்வொண்ணுக்கும் எர்த்துக்கும் நடுவுலயும் ஒண்ணுமே இல்லன்னு பார்த்த பிறகுதான் கை.

இப்ப நம்பருக்கு வருவோம். போர்டு மேலயே வெள்ளை மையிலயோ செம்புலயோ அச்சடிச்சிருக்குற நம்பரைப் பார்த்ததும் எல்லாரும் அதைத்தான் எழுதிக்குவாங்க, நிறைய பேர் தப்பான போர்டு வாங்குறது இங்கதான். பல்போவா போர்டுகள்ல அது பெரும்பாலும் 22-ல ஆரம்பிக்கிற அஞ்சு இலக்க நம்பரா இருக்கும், அது பாகம் எதுவும் பொருத்தாத வெறும் பலகையோட நம்பர். அதே பலகையில வேற வேற ரிலே (பம்ப், ஹீட்டருக்கு கரண்ட்டை விடுற, நிறுத்துற ஸ்விட்ச்), வேற வேற சாஃப்ட்வேர் போட்டு பல தொட்டி கம்பெனிகளுக்குக் கொடுப்பாங்க. ரெண்டு போர்டு பார்க்க அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கும், ஒண்ணு உங்க தொட்டியில ஓடும், இன்னொண்ணு ஓடாது. உங்களுக்கு வேண்டியது ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல இருக்குற பார்ட் நம்பர், அப்புறம் நடுவுல இருக்குற பெரிய சிப்போட தலையில ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க, அதுல விஎஸ் 501, இஎல் 2000 அப்படின்னு மாடலும் வெர்ஷனும் இருக்கும். அந்தச் சிப் ஸ்டிக்கரை டார்ச் அடிச்சு ஃபோன்ல கிட்டத்துல படம் எடுங்க. கெக்கோன்னா பெட்டி பக்கவாட்டுலயே ஸ்டிக்கர் இருக்கும், இன் எக்ஸ்இ, இன் ஒய்இ இந்த மாதிரி பேர் வரும்.

போர்டுல கொஞ்சமாவது உயிர் இருந்தா இன்னொரு வழியும் இருக்கு. பிரேக்கர் போட்ட உடனே மேல டிஸ்ப்ளேல வரிசையா சில நம்பர் ஓடும், பல்போவா பிபி வகையில மூணு பகுதியா வரும், அது சாஃப்ட்வேர் அடையாளம். கெக்கோலயும் சாஃப்ட்வேர் நம்பர், வெர்ஷன், அப்புறம் லோ லெவல்னு ஒரு நம்பர் வரும், உங்க தொட்டியில எத்தனை பம்ப், என்னென்ன இருக்குன்னு போர்டுக்குச் சொல்றது அந்த லோ லெவல்தான். சீக்கிரம் ஓடிடும், அதனால வீடியோ எடுத்துக்கோங்க.

மூடிக்கு உள்பக்கம் வயரிங் படம் ஒட்டியிருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், அதையும் எடுத்துக்கோங்க. கூடவே பம்ப் எத்தனை, ஒரு ஸ்பீடா ரெண்டு ஸ்பீடா, ஒவ்வொண்ணும் 120 வோல்ட்டா 240-ஆ, ப்ளோயர் (தண்ணிக்குள்ள காத்து ஊதுறது) இருக்கா, ஓசோனேட்டர் (தண்ணியைச் சுத்தம் பண்ண ஓசோன் விடுறது) இருக்கா, ஹீட்டர் எத்தனை கிலோவாட், மேல பேனல்ல இருந்து வர்ற கேபிளோட பிளக் எப்படி இருக்கு, இதெல்லாம் சேர்த்து கடைக்காரருக்கு அனுப்புங்க. பிளக்கை விட்டுடாதீங்க. பல்போவா பழைய விஎஸ் போர்டுக்கு விஎல் பேனல், டெலிஃபோன் பிளக் மாதிரி 8 பின். புதுசா வந்த பிபி போர்டுக்கு டிபி பேனல், சின்ன 4 பின். போர்டு மட்டும் புதுசா மாறினா பழைய பேனல் அதுல சொருகவே சொருகாது, அப்புறம் பேனலும் சேர்த்து வாங்கணும். பழைய போர்டு இப்ப தயாரிப்புலயே இல்லன்னு சொன்னா, போர்டுக்கு அலையாம பேக்கும் பேனலும் சேர்ந்த முழு செட்டோட விலையையும் கேட்டுப் பாருங்க, சில சமயம் பெரிய வித்தியாசம் இருக்காது.

கேள்வி: வணக்கம் அண்ணை. எங்கட டப்புக்கு பிரேக்கரைப் போட்டு ரெண்டு மூண்டு நிமிசத்திலை திரும்ப விழுகுது. தெரிஞ்ச ஒருத்தர் வந்து பாத்திட்டு போர்டு மாத்தத்தான் வேணும் எண்டு சொல்லுறார். மாத்தினால் சரி வருமோ? (ஸ்கார்பரோ)

காசு கொடுக்குறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, அதுக்கு சந்தோஷம். பிரேக்கர் விழுறதுக்கு போர்டு காரணமா இருக்குறது ரொம்பக் குறைவு. ஹாட் டப்புக்குப் போடுற பிரேக்கர் ஜிஎஃப்சிஐ வகை, போன கரண்ட்ல 5 மில்லி ஆம்ப் அளவுக்கு திரும்பி வராம தண்ணியிலயோ எர்த்துலயோ கசிஞ்சாலே இறங்கிடும். ஆளைக் காப்பாத்தத்தான் அது இருக்கு. தண்ணியோட நேரடியா தொட்டுக்கிட்டு இருக்குறது எது? ஹீட்டர் எலிமென்ட். அதோட உறையில ஒரு ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலே கசிவுதான்.

எப்ப விழுதுன்னு கவனிச்சாலே பாதி விஷயம் தெரிஞ்சுடும். போட்ட அந்த நொடியே விழுந்தா வயரிங்லயே கோளாறு, இல்ல பிரேக்கரையே தப்பா கட்டியிருக்காங்க (தொட்டிக்குப் போற நியூட்ரல் பிரேக்கரோட நியூட்ரல் டெர்மினல்ல வரணும், மெயின் பேனல்ல இருக்குற நியூட்ரல் பார்ல கொண்டுபோய் மாட்டியிருந்தா நியூட்ரல்ல கரண்ட் ஓடின உடனே இறங்கும்). ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு விழுதுன்னு எழுதியிருக்கீங்க, அது தண்ணி ஓட்டம் சரியா இருக்கான்னு போர்டு பார்த்துட்டு ஹீட்டரை ஆன் பண்ற நேரம், என் சந்தேகம் முழுக்க ஹீட்டர் மேலதான். ராத்திரி மட்டும் விழுதுன்னு சொல்றவங்க ஃபில்டர் சைக்கிள்ல ஓடுற ஓசோனேட்டரைப் பாருங்க, ஜெட் (தண்ணியைப் பீச்சி அடிக்கிற துவாரம்) பட்டனை அழுத்தினா மட்டும் விழுதுன்னா பம்ப்.

உறுதி பண்ற வழி இதுதான். பிரேக்கரை இறக்கி, கரண்ட் இல்லன்னு பார்த்துட்டு, போர்டுல இருந்து ஹீட்டருக்குப் போற ரெண்டு இணைப்பையும் கழட்டி, முனையை டேப் சுத்தி எதுலயும் படாம ஒதுக்கி வச்சு, மூடியைப் போட்டுட்டு பிரேக்கரைப் போடுங்க. இப்ப விழலன்னா குற்றவாளி ஹீட்டர். கழட்டின ஹீட்டர்ல மீட்டர் வச்சும் பார்க்கலாம், 5.5 கிலோவாட் ஹீட்டர்னா ரெண்டு முனைக்கு நடுவுல சுமார் 10.5 ஓம், 4 கிலோவாட்னா 14.4 ஓம் பக்கம் வரணும், ஒரு முனைக்கும் வெளி ஸ்டீல் குழாய்க்கும் நடுவுல வச்சா ஒண்ணுமே காட்டக் கூடாது. ஆனா சூடானா மட்டும் கசியுற எலிமென்ட் உண்டு, குளிர்ந்து கிடக்கும்போது மீட்டர்ல சுத்தமா இருக்குற மாதிரி காட்டும். அதனால மீட்டரை விட கழட்டிப் போட்டுப் பாக்குற சோதனையைத்தான் நான் நம்புவேன். ஹீட்டர் இல்லன்னா ஓசோனேட்டர் பிளக்கைப் பிடுங்குங்க, அப்புறம் பம்ப், ஒவ்வொண்ணா.

உங்களுக்கு இன்னொண்ணும் சொல்லணும். ஒன்டாரியோல காசு வாங்கிட்டு மின்சார வேலை செய்யுறவர் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரா இருக்கணும், பிரேக்கர், வயரிங் பக்கம் வேலை நடந்தா இஎஸ்ஏ-ல (ஒன்டாரியோ மின்சாரப் பாதுகாப்பு அமைப்பு) பதிவு பண்ணணும். தெரிஞ்சவர், நல்லவர்ங்கிறதெல்லாம் சரி, ஆனா உங்க பிள்ளைங்க இறங்குற தண்ணி அது. ஜிஎஃப்சிஐ தொல்லை பண்ணுதுன்னு அதை எடுத்துட்டு சாதா பிரேக்கர் போட்டுத் தர்றேன்னு யாராவது சொன்னா அந்த ஆளை அன்னைக்கே அனுப்பிடுங்க.

கேள்வி: போர்டு முழுக்க எறும்பு சார். செத்ததும் உயிரோட இருக்குறதுமா கொத்துக் கொத்தா. இதனால போர்டு போகுமா? மருந்து அடிக்கலாமா? (ஹூஸ்டன், டெக்ஸாஸ்)

போகும், உங்க ஊர்ல ரொம்பவே போகும். டானி கிரேஸி எறும்புன்னு ஒண்ணு, டெக்ஸாஸ்ல அதை 2002-ல ஹூஸ்டன் பக்கத்துலதான் முதல்ல கவனிச்சாங்க, அது மின்சாரப் பெட்டிக்குள்ள கூட்டமா போறதுக்குப் பேர் போனது. ரிலே காண்டாக்டுக்கு நடுவுல ஒண்ணு ஷாக் அடிச்சுச் சாகும்போது ஒரு வாசனையை விடும், அதுக்கு இன்னும் பத்து ஓடி வரும், அதுவும் சாகும், கடைசியில பிணக் குவியலாவே சேர்ந்து காண்டாக்ட் ஒட்டாமப் போகும், இல்ல ஷார்ட் ஆகும்.

பெட்டிக்குள்ள ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீங்க. அந்த மருந்துல தீப்பிடிக்கிற திரவம் இருக்கும், படியுற பிசுக்கும் போர்டுக்கு ஆகாது. பிரேக்கரை இறக்கிட்டு, காத்து டப்பாவால ஊதி, 90 சதவீதத்துக்கு மேல இருக்குற ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல பழைய டூத் பிரஷைத் தொட்டு மெதுவா தேய்ச்சு, நல்லா காய்ஞ்ச பிறகு போட்டுப் பாருங்க. கருகின தடயம் இல்லன்னா பல தடவை போர்டு எழுந்துக்கும். அப்புறம் வயர் உள்ள வர்ற குழாய் வாயை டக்ட் சீல் களிமண்ணால அடைங்க, எறும்பு வர்ற பாதை அதுதான். மருந்து வைக்கிறதா இருந்தா கேபினட்டுக்கு வெளிய, தரையில.

கேள்வி: போன வருஷம் போர்டு மாத்தினோம். கொஞ்ச நாள்லயே மறுபடி அதே இடத்துல கருகிப்போச்சு. இப்ப மூணாவது போர்டு வாங்கச் சொல்றாங்க. போர்டு தரமே இவ்வளவுதானா? (பிராம்ப்டன்)

வாங்காதீங்க, தயவுசெஞ்சு கொஞ்சம் பொறுங்க. ஒரு போர்டு ஒரே இடத்துல ரெண்டு தடவை கருகுதுன்னா வெளியில இருந்து ஏதோ அதைக் கருக்குது. அதைக் கண்டுபிடிக்காம மூணாவது போட்டா மூணாவதும் போகும். எனக்கு இதுலதான் வருத்தம், போர்டு விலை சில நூறு டாலர், அதைக் கழட்டி மாட்டத் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க, எதனால எரிஞ்சுதுன்னு பத்து நிமிஷம் உக்காந்து பாக்குறவங்க கொஞ்சம் பேர்தான்.

கருகின இடம் எதுன்னு நீங்க எழுதல, அதனால இடத்தை வச்சே சொல்றேன். ஹீட்டர் இணைப்பு பக்கத்துலன்னா லூஸ் கனெக்‌ஷன். 5.5 கிலோவாட் ஹீட்டர் 240 வோல்ட்ல 23 ஆம்ப் கிட்ட இழுக்கும், மணிக்கணக்கா இழுக்கும். போர்டுல இருந்து ஹீட்டர் முனைக்கு ரெண்டு பித்தளைப் பட்டையோ தடி வயரோ வரும், அந்த நட் அரைச் சுத்து லூஸா இருந்தாலும் அங்க சூடு ஏறி, பலகை முதல்ல பழுப்பாகும், அப்புறம் கருப்பாகும், கடைசியில சாலிடர் உருகும். முறுக்கும்போது கீழ் நட்டை ஒரு ஸ்பேனர்ல அசையாம பிடிச்சுக்கிட்டு மேல் நட்டை இன்னொரு ஸ்பேனர்ல முறுக்கணும், ஒரே ஸ்பேனர்ல முறுக்கினா ஹீட்டர் முனையே உள்ள திரும்பி சீல் விட்டுடும், தண்ணி கசியும். ஹீட்டர் முனை பச்சை பிடிச்சுப்போய் இருந்தா எவ்வளவு முறுக்கினாலும் பிரயோஜனம் இல்ல, ஹீட்டரை மாத்துங்க.

பம்ப் ரிலே பக்கத்துல கருகியிருந்தா பம்ப்பைப் பாருங்க. பேரிங் இறுகினாலோ கெப்பாசிட்டர் போனாலோ பம்ப் ம்ம்முனு முனகிக்கிட்டே சுத்தாம நிக்கும், அந்த நேரத்துல இழுக்குற கரண்ட் லேபிள்ல போட்டிருக்குறதை விட பல மடங்கு, ரிலே காண்டாக்ட் வெந்துபோகும் இல்ல ஒட்டிக்கும். கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுத்திப் பிடிச்சு கரண்ட்டை அளக்குறது) வச்சு ஓடும்போது எத்தனை ஆம்ப்னு பார்த்து பம்ப் லேபிளோட ஒப்பிட்டுப் பார்த்தா தெரிஞ்சுடும்.

ட்ரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சிருந்தாலோ, கூடவே ஓசோனேட்டர், லைட்னு 120 வோல்ட் சாமானெல்லாம் போயிருந்தாலோ, நியூட்ரல் லூஸ். ஊர்ல தெரு கம்பத்துல நியூட்ரல் போய் வீட்டுல டிவி, மிக்ஸி எல்லாம் ஒரே நாள்ல எரிஞ்சுபோகும் பாருங்க, அதே கதைதான் இங்க தொட்டிக்குள்ள நடக்குது. ரெண்டு ஹாட்டுக்கு நடுவுல 240 சரியா இருக்குறதால ஹீட்டரும் பெரிய பம்ப்பும் ஒழுங்கா ஓடும், யாருக்கும் சந்தேகமே வராது. எலக்ட்ரீஷியனை விட்டு லோடு ஓடும்போது அளக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 120, 120 வரணும், ஒரு பக்கம் 90 இன்னொரு பக்கம் 150-னு வந்தா போர்டைத் தொடவே வேணாம், மெயின் பேனல்ல இருந்து தொட்டி வரைக்கும் நியூட்ரல் எங்க விட்டிருக்குன்னு தேடணும்.

இது எதுவும் இல்லாம போர்டு முழுக்க வெள்ளையாவும் பச்சையாவும் பூத்திருந்தா ஈரம். மேல யூனியன்ல (குழாயைச் சேர்க்குற பெரிய நட்) இருந்து சொட்டுற தண்ணி பெட்டி மேல விழுதான்னு பாருங்க. குளோரின் டப்பாவைக் கேபினட்டுக்குள்ள வசதியா வச்சிருப்பாங்க சில வீட்டுல, அந்த ஆவி செம்பைத் தின்னுடும். வச்சிருந்தீங்கன்னா இன்னைக்கே எடுத்துடுங்க.

கேள்வி: பார்ட் நம்பர் பார்த்து அதே போர்டு வாங்கி நானே மாட்டினேன். ஓடுது, ஆனா ஜெட் போட்டா ஹீட்டர் நின்னுடுது, முன்னாடி அப்படி இல்ல. எதை விட்டுட்டேன்? மாத்துறதுக்கு சரியான முறையும் சொல்லுங்க. (எடிசன், நியூ ஜெர்சி)

டிப் ஸ்விட்ச். புது போர்டு ஃபேக்டரியில இருந்து ஏதோ ஒரு பொது செட்டிங்ல வரும், உங்க தொட்டி என்னன்னு அதுக்குத் தெரியாது. போர்டு ஓரத்துல அரிசி அளவு வெள்ளை ஸ்விட்சுகள் வரிசையா இருக்குற சின்னப் பெட்டி இருக்கும், அதுல ஒண்ணு ஜெட் பம்ப் வேகமா ஓடும்போது ஹீட்டர் ஓடலாமா கூடாதான்னு முடிவு பண்றது. கரண்ட் லைன் சின்னதா இருக்குற வீடுகளுக்காக அதை வச்சிருக்காங்க. பழைய போர்டைப் பக்கத்துல வச்சு ஒவ்வொரு ஸ்விட்சா ஒப்பிட்டுப் பாருங்க. ஒண்ணு கவனம், உங்க பிரேக்கரும் வயரும் 50 ஆம்ப்புக்கு இருந்தா மட்டும் ரெண்டும் சேர்ந்து ஓடுற மாதிரி வைங்க, பழசுல எப்படி இருந்துச்சோ அதுதான் கணக்கு. பல்போவா போர்டுல முதல் ஸ்விட்ச் பொதுவா டெஸ்ட் மோட், அது ஆஃப்லயே இருக்கணும். சில பழைய போர்டுல ஸ்விட்சை மாத்தினா மெமரி ரீசெட் பண்ணினாத்தான் புது செட்டிங் எடுக்கும், மூடிக்குள்ள இருக்குற படத்துல எந்த ஜம்பர்னு போட்டிருக்கும்.

ஸ்விட்சை விட ஆபத்தானது ஜம்பர் வயர். பம்ப்புக்கோ ஓசோனேட்டருக்கோ 120 போகணுமா 240 போகணுமான்னு முடிவு பண்றது ஒரு குட்டி வயர் எந்தக் காதுல சொருகியிருக்குங்கிறதுதான். 120 வோல்ட் ஓசோனேட்டருக்கு 240 போனா அது அந்த நிமிஷமே புகைஞ்சுடும். உங்களுக்கு அது நடக்காதது நல்ல நேரம்.

முறைன்னு கேட்டீங்க. பிரேக்கரை இறக்குங்க, உங்க நாட்டு என்இசி (அமெரிக்க மின்சார விதித் தொகுப்பு) விதிப்படி தொட்டியைப் பார்த்த மாதிரி, தண்ணியில இருந்து குறைஞ்சது 5 அடி தள்ளி ஒரு டிஸ்கனெக்ட் பெட்டி இருக்கணும், அதை இறக்கி யாரும் போட்டுடாத மாதிரி பூட்டோ டேப்போ போடுங்க. மீட்டர்ல செக் பண்ணுங்க. அப்புறம் படம், ஒரு படம் போதாது, முழுசா ஒண்ணு, ஒவ்வொரு மூலையும் கிட்டத்துல ஒண்ணு, டிப் ஸ்விட்ச் மட்டும் தெளிவா ஒண்ணு. மாஸ்கிங் டேப் கிழிச்சு ஒவ்வொரு பிளக்குலயும் எங்க இருந்து வந்துச்சுன்னு எழுதி ஒட்டுங்க, கலரை நம்பாதீங்க, ஒரே போர்டுல அஞ்சாறு கருப்பு வயர் இருக்கும். ஹீட்டரைக் கழட்டலன்னா தண்ணியை வடிக்க வேண்டியதில்ல. புது போர்டை எடுக்குறதுக்கு முன்னாடி எர்த் ஆன உலோகத்தைத் தொட்டுட்டு, ஓரத்தை மட்டும் பிடிச்சு எடுங்க, குளிர்காலத்துல கம்பளம் மேல நடந்து வந்த கையில இருக்குற ஸ்டாட்டிக்கே சிப்பைக் கொன்னுடும். வயரைப் பழசுல இருந்து நேரா புதுசுக்கு ஒவ்வொண்ணா மாத்துங்க, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு அப்புறம் தேடாதீங்க. தண்ணி சூட்டை அளக்குற சென்சார் வயர் முனை கருத்திருந்தா சென்சாரையும் இப்பவே மாத்திடுங்க, விலை கொஞ்சம்தான். மீட்டர்ல சென்சார் காட்டுற ஓம் அளவு சூடு ஏற ஏற இறங்கணும்.

மூடியைப் போட்ட பிறகுதான் பிரேக்கர். பல்போவான்னா டிஸ்ப்ளேல பி-ஆர்னு ஒரு நாலஞ்சு நிமிஷம் நிக்கும், அது பிரைமிங், அந்த நேரத்துல ஹீட்டர் ஓடாது, போர்டு கோளாறுன்னு நினைச்சுப் பதறாதீங்க. பம்ப் சுத்தியும் தண்ணி ஓடலன்னா காத்து மாட்டியிருக்கு, பிரேக்கரை இறக்கிட்டு பம்ப் யூனியனை லேசா தளர்த்தி காத்து சீறி தண்ணி வந்ததும் இறுக்கிடுங்க. கடைசியா 104 டிகிரி ஃபாரன்ஹீட் வச்சு, அங்க வந்ததும் ஹீட்டர் தானா நிக்குதான்னு ஒரு தனி தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் ஆளை இறக்குங்க. இந்தக் கடைசி வேலையை யாரும் செய்யுறதில்ல, ஆனா ஒட்டிக்கிட்ட ரிலேயும் தப்பான சென்சாரும் பிடிபடுறது இங்கதான்.

கேள்வி: அதே மாடல் போர்டு லண்டன்ல பாதி விலைக்குக் கிடைக்குது. தம்பி அங்கதான் இருக்கான், வாங்கி வரச் சொல்லவா? (மிசிசாகா)

வேணாம்மா. அங்க 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஒரு ஹாட் ஒரு நியூட்ரல். இங்க 60 ஹெர்ட்ஸ், 120 வோல்ட்ல ரெண்டு ஹாட் சேர்ந்து 240. மாடல் பேர் ஒண்ணா இருந்தாலும் ஐரோப்பாவுக்குன்னு தனியா செஞ்ச போர்டு அது, இங்க 120 வோல்ட் சாமானுக்கு அதுல இடமே இருக்காது. இங்க வேண்டிய சிஎஸ்ஏ, யுஎல் பாதுகாப்பு முத்திரையும் இருக்காது, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்ல பதில் சொல்ல முடியாது.

கேள்வி: வெளிய மைனஸ் 25. போர்டு முழுசா செத்துப்போச்சு, புதுசு வர பத்து நாள் ஆகுமாம். தொட்டியில தண்ணி நிக்குது, குழாயெல்லாம் உறைஞ்சு வெடிச்சுடுமோன்னு தூக்கமே வரல. (கால்கரி)

உங்க பயம் நியாயமானது, போர்டை விட குழாய் வெடிச்சாத்தான் செலவு. ஆனா இன்னைக்கு ராத்திரியே வெடிச்சுடாது. தண்ணி சூடா இருக்கும்போது போர்டு நின்னிருந்தா, நல்ல இன்சுலேஷனும் மூடியும் இருக்குற தொட்டி ஒரு நாளைக்கு மேலயே தாங்கும். மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீங்க, கிளிப்பை இறுக்கிப் போட்டு, ஓரத்துல பனியை அணைச்சு விட்டாலும் நல்லதுதான். முதல்ல உறையுறது தொட்டித் தண்ணி இல்ல, கேபினட்டுக்குள்ள இருக்குற பம்ப்பும் மெல்லிய குழாய்களும். அதனால சூடு வேண்டியது அங்கதான். எண்ணெய் நிரப்பின சின்ன ரேடியேட்டர் ஹீட்டரை, ஃபோம்லயும் வயர்லயும் படாம, கேபினட்டுக்குள்ள குறைஞ்ச சூட்டுல வைங்க, வேற ஜிஎஃப்சிஐ பிளக்குல இருந்து கரண்ட் எடுங்க, ஒரு வயர்லெஸ் தெர்மாமீட்டரை உள்ள போட்டுட்டு வீட்டுக்குள்ள இருந்தே பாருங்க. காத்து ஊதுற ஹீட்டர் வேணாம், ஃபோம்ல நேரா அடிச்சா தீ ஆபத்து.

(இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு, ஹீட்டர் மட்டும் போய் பம்ப் ஓடுதுன்னா நீங்க தப்பிச்சீங்க. பம்ப்பை ஓட விடுங்க, மோட்டார் சூடே தண்ணியைக் காப்பாத்தும்.)

தண்ணி சூடு 10 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கிடுச்சு, போர்டு இன்னும் வரலன்னா வடிச்சிடுங்க, ஆனா ஆரம்பிச்சா அன்னைக்கே முழுசா முடிக்கணும், பாதி வடிச்சு விட்ட தொட்டிதான் சீக்கிரம் வெடிக்கும். தண்ணிக்குள்ள போடுற பம்ப்பால மேல் தண்ணியை வேகமா எடுத்துட்டு, ஷாப் வேக்கை (தண்ணியையும் உறிஞ்சுற பெரிய வேக்யூம்) ஊதுற பக்கம் மாட்டி ஒவ்வொரு ஜெட்டா ஊதுங்க, அப்புறம் உறிஞ்சுற பக்கம் மாத்தி அதே ஜெட்டுகளை இன்னொரு தடவை. பம்ப்போட வடிகால் ஸ்க்ரூவைக் கழட்டி விடுங்க, ஹீட்டர் ரெண்டு பக்க யூனியனையும் தளர்த்துங்க, ஃபில்டரை எடுத்து வீட்டுக்குள்ள வைங்க. எங்கயாவது தண்ணி தேங்கி நிக்குமோன்னு சந்தேகமா இருந்தா ஆர்வி (வீடு மாதிரி வண்டி) சாமான் கடையில கிடைக்குற, தண்ணியை உறைய விடாத பிங்க் ஆன்ட்டிஃப்ரீஸ், ப்ராப்பிலீன் கிளைகால்னு போட்டிருக்கும், அதை ஊத்துங்க. காருக்கு ஊத்துறது வேணவே வேணாம், அது விஷம். போர்டு வந்து மறுபடி நிரப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்ல தண்ணி விட்டுக் கழுவி வெளியேத்திட்டு நிரப்புங்க.